ஓடிபி யார் போனுக்குப் போகிறது? ஒரு கம்ப்யூட்டர் ஆய்வும் எங்கள் பட்டறையும்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறையில் கணக்கும் ஆட்கள் விவகாரமும் பார்ப்பது என் வேலை. லேத், சிஎன்சி, டிரில்லிங் எல்லாம் சேர்த்து முப்பத்துச் சொச்சம் பேர். 2024 கடைசியில் எங்களுக்கு ஒரு தொழிலாளர் ஆய்வு வந்தது. அது கிட்டத்தட்ட மூன்று லட்சம் ரூபாய் கட்டச் சொல்லும் நோட்டீஸாக மாறி, வாடிக்கையாளர் பில்லை நிறுத்தி, முதலாளி ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் போடும் நிலைமை வரை கொண்டுபோய் விட்டது. லஞ்சம் கேட்டார்கள், மிரட்டினார்கள் என்ற கதையை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வந்த அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அறிக்கை நேரத்துக்கு ஏறியது, தகவல் நேரத்துக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அதில் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வருவது எந்தத் துறையின் ஆய்வுக்கும் பொருந்தும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. முன்பெல்லாம் எந்தக் கம்பெனிக்குப் போவது, எப்போது போவது என்பதை ஆய்வாளரே முடிவு செய்யலாம். 2014 அக்டோபர் 16 அன்று மத்திய அரசு ஷ்ரம் சுவிதா இணையதளத்தைத் தொடங்கியபோது இதை மாற்றினார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் லின் என்ற ஓர் அடையாள எண். எங்கே ஆய்வு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். போய் வந்த ஆய்வாளர் 72 மணி நேரத்துக்குள் அறிக்கையை ஏற்றிவிட வேண்டும். மாநிலங்களும் இதே பாணியில் தங்கள் தளங்களைக் கொண்டுவந்தன. 2017-ல் ஒன்பது மத்தியச் சட்டங்களின் கீழ் வைக்க வேண்டிய 56 பதிவேடுகளை 5 ஆகக் குறைத்தார்கள். மாதாமாதம் அந்தப் பேரேடுகளோடு மல்லுக்கட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதனால் பழைய முறையே தேவலாம் என்று நான் சொல்ல மாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து, கவர் கொடுத்து அனுப்பிய காலத்தையும் பார்த்தவள் நான்.

அன்று காலை பதினொரு மணி வாக்கில் வந்தார் அந்த மேடம். கையில் டேப்லெட். “கம்ப்யூட்டர் குலுக்கல்ல உங்க யூனிட் வந்திருக்குங்க, ரெஜிஸ்டர் எல்லாம் எடுத்து வைங்க” என்றார். அடையாள அட்டையும் ஒதுக்கீட்டு உத்தரவும் காட்டினார். (காட்டாவிட்டால் கேளுங்கள், தப்பில்லை. உத்தரவு நகலை போட்டோ எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் எண்தான் பிறகு எல்லாக் கடிதத்திலும் தேவைப்படும்.) வருகைப் பதிவேட்டில் 34 பேர். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டுவது 29 பேருக்கு. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டுவது 22 பேருக்கு. மேடம் மூன்றையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் காரணம் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “எல்லா ஆட்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா?” என்ற கேள்விக்கு எதிரே ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். “நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா இதுல ரெண்டு பட்டன்தான் இருக்கு.” அவர் ‘இல்லை’யை அழுத்தினார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தக் கட்டங்களுக்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. அது இருப்பதே எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. உங்களிடம் ஆய்வு நடந்தால், அதிகாரி அறிக்கையைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே, நீங்கள் வாயால் சொன்ன விளக்கத்தை அந்தக் குறிப்பில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இன்னும் நல்லது, ஒரு பக்கக் கடிதமாக எழுதி, முத்திரை வைத்து, அன்றே கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுவது. பழைய காலத்தில் அதிகாரியின் மனதில் பதிந்தால் போதும். இப்போது அந்த மேடமே அடுத்த முறை வரப்போவதில்லை. ஒரே ஆய்வாளரை ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து அனுப்பக் கூடாது என்பதும் இந்தச் சீர்திருத்தங்களில் ஒன்று. அடுத்து வருபவருக்கு உங்கள் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. திரையில் ஏறியது மட்டும்தான் நீங்கள்.

கைரேகை மெஷின் விவகாரமும் அன்றுதான் வெடித்தது. லேத் ஓட்டும் எங்கள் மூத்த டர்னருக்கு முப்பது வருஷமாக இரும்பிலும் கூலன்ட்டிலும் வேலை செய்து விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. காட்டன் வேஸ்ட்டில் விரலைத் துடைத்து, பேன்ட்டில் ஒரு தடவை தேய்த்து, மெஷினில் வைப்பார். அது “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்” என்று சொல்லும். பெருவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்துவிட்டு, கடைசியில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆகவே மெஷின் கணக்கில் அவர் பாதி நாள் லீவு, நோட்டில் முழு நாள் வேலை. இன்னொரு பக்கம், இளவட்டங்கள் ஷிப்ட் முடிந்து, கை கால் கழுவி, பேன்ட் மாற்றி, பஸ் நேரம் பார்த்துத்தான் வெளியே விரல் வைப்பார்கள். மெஷின் கணக்கில் அது கூடுதல் நேரம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது அன்றைய தொழிற்சாலைச் சட்டம், அப்போ அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பணம் எங்கே என்று கேள்வி வந்தது. மெஷின் வைத்திருப்பவர்கள் மாதக் கடைசியில் மெஷின் பதிவையும் நோட்டையும் ஒப்பிட்டு, எங்கெல்லாம் வித்தியாசமோ அங்கே காரணம் எழுதி, தொழிலாளியிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்ய முடியாதென்றால் மெஷினை எடுத்துவிடுவது மேல். அரைகுறை கைரேகைப் பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்து.

மேடம் போய்விட்டார். ஒரு வாரம், ஒரு மாசம், ஒன்றும் வரவில்லை. பிரச்சினை இருந்தால் கடிதம் வரும் என்று நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். கடிதம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. எங்களிடம் பாகம் வாங்கும் பெரிய கம்பெனி சப்ளையர்களின் பிஎஃப், இஎஸ்ஐ சலான்களை மாதாமாதம் கேட்கும், வருஷத்துக்கு ஒருமுறை சட்டப்படியான கணக்குகளை எல்லாம் தோண்டிப் பார்க்கும். “உங்க பேர்ல ஒரு ஆய்வுக் குறைபாடு ஓப்பனா இருக்கே, பதில் போடலையா?” என்று அங்கிருந்து கேட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. முடித்து வைத்த அத்தாட்சி கொடுக்கும் வரை பில் நிறுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த சில நாளில் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸும் வந்து சேர்ந்தது. குறைபாடு தெரிவித்தும் கெடுவுக்குள் பதில் இல்லை, ஆகவே விடுபட்ட ஆட்களுக்கு மதிப்பிட்டு இவ்வளவு தொகை, ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் கேட்டிருந்தார்கள்.

தெரிவித்தார்களாம். யாருக்கு? தளத்தில் உள்ளே நுழையலாம் என்று பாஸ்வேர்டை மாற்றப் போனேன். ஓடிபி அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. அது எங்கள் முதலாளி எண்ணும் இல்லை, என் எண்ணும் இல்லை. நான் வேலைக்குச் சேர்வதற்குப் பல வருஷம் முன்னால், நிறுவனத்தைப் பதிவு செய்தபோது அன்றைய கன்சல்டன்ட் தன்னுடைய போன் நம்பரையும் தன்னுடைய மெயிலையும் கொடுத்திருக்கிறார். அவரோடு கணக்கு முடித்தே ரொம்ப நாளாகிறது. அறிக்கை, நினைவூட்டல், கெடு முடிகிறது என்ற எச்சரிக்கை, எல்லாமே ஒழுங்காக அவருடைய மெயிலில் போய் விழுந்திருக்கிறது. போன் செய்தால் எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்து, “பழைய பாக்கி இருக்குங்களே, அதை முடிச்சுட்டா ஓடிபி சொல்லிடறேன்” என்றார். அப்படி ஒரு பாக்கியே கிடையாது. இருந்தும் எட்டாயிரம் ரூபாய் போட்டோம். ஒரே ஒரு ஓடிபி சொன்னார், அதோடு போனை அணைத்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளிக்கு மெஷின் தெரியும், இந்த உலகம் தெரியாது. யாரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.

எண்ணை மாற்றும் வழி பிறகுதான் பிடிபட்டது. லெட்டர்ஹெட்டில் விண்ணப்பம், நிறுவனத்தின் பான், பங்குதாரர் பத்திரம், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரின் அடையாளச் சான்று, இவற்றோடு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். போய்ப் பார்த்தால் முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழும் காலாவதி. அதைப் புதுப்பித்தால் ஆதாரில் ‘கே’ இனிஷியல் முன்னால், பானில் விரித்து எழுதிய பெயர் பின்னால். நம்மூர் இனிஷியல் முறையை எந்தக் கம்ப்யூட்டரும் இதுவரை ஜீரணிக்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. இந்த ஓட்டத்திலேயே ஏறக்குறைய இரண்டு மாதம் கரைந்தது.

ஆகவே இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். லின், பிஎஃப், இஎஸ்ஐ, தொழிற்சாலை உரிமம், தொழிலாளர் துறை என்று உங்கள் நிறுவனத்துக்கு எத்தனை தளத்தில் பதிவு இருக்கிறதோ அத்தனையிலும் யாருடைய போன், யாருடைய மெயில் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்துக்கென்று ஒரு தனி சிம் வாங்கி, சாதாரண பட்டன் போனில் போட்டு, ஆபீஸ் டிராயரில் வையுங்கள். ரீசார்ஜ் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், சிம் செத்துப்போனால் மறுபடியும் இதே கதைதான். மெயிலும் நிறுவனத்தின் பெயரில், ஆள் மாறினாலும் கை மாறாதபடி இருக்கட்டும். கன்சல்டன்ட் வேலை பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடிபி மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென்டிரைவ் போன்ற டோக்கனையும் அவரிடம் விட்டு வைக்காதீர்கள்.

சரி, உள்ளே நுழைந்தாயிற்று. இனி அந்த மூன்று எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் பல பேர் பயந்துபோய், கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள். மூன்று எண்ணும் வேறு வேறாக இருப்பது குற்றமே இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. எங்கள் 34 பேரில் 3 பேர் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்ட பயிற்சியாளர்கள். அவர்களுக்கு பிஎஃப்பும் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை. மீதி 31. அதில் இரண்டு பேர் சேரும்போதே பிஎஃப் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல், முன்னால் எங்கும் பிஎஃப் உறுப்பினராக இருந்ததும் இல்லை. அவர்களைச் சேர்ப்பது கட்டாயம் இல்லை. ஆக 29. இஎஸ்ஐக்கு வரம்பு மாதம் 21,000. அதைத் தாண்டியவர்கள் 9 பேர். 31-ல் 9 போனால் 22. கணக்கு சரி. கம்ப்யூட்டருக்கு இந்தக் கழித்தல் சொல்லித் தரப்படவில்லை, அவ்வளவுதான். அதன் பார்வையில் 34-க்கும் 22-க்கும் நடுவே 12 பேரை நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் பல கணக்குப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. இஎஸ்ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஜூனில் ஒருவருக்குச் சம்பளம் கூட்டி 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் வரை கட்டியே ஆக வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம், முழுச் சம்பளத்துக்கும். ஜூலையில் பெயரை எடுத்துவிட்டால் அது அப்பட்டமாகத் திரையில் தெரியும்.

நான் செய்தது எளிமையான ஒரு தாள்தான். இடப்பக்கம் பெயர்கள், பக்கத்தில் சேர்ந்த தேதி, சம்பளம், பிஎஃப் உண்டா, இல்லையென்றால் ஏன், இஎஸ்ஐ உண்டா, இல்லையென்றால் ஏன், அதற்கு எந்த ஆவணம் சாட்சி. ஒரு பெயருக்கு ஒரு வரி. கடைசியில் 34, 29, 22 மூன்றும் எப்படி வந்தன என்ற கூட்டல் கழித்தல். அப்ரண்டிஸ் ஒப்பந்தம், சேரும்போது வாங்கிய பிஎஃப் அறிவிப்புப் படிவம், சம்பளச் சீட்டு எல்லாம் பின்னால் வரிசையாக. இப்போது மாதாமாதம் சலான் கட்டும் 15-ஆம் தேதிக்கு முன்பே இந்தத் தாளைத் தயார் செய்துவிடுகிறேன். மூன்று தளத்திலும் ஏற்றும் எண்கள் இந்தத் தாளிலிருந்துதான் போகும்.

விசாரணைக்கு வேறொரு அதிகாரி. தாளை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். “இதை அன்னிக்கே ஏன் ஏத்தலைங்க?” என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். மெயில் கதையைச் சொன்னேன். “இப்படி நிறையப் பேரு வர்றாங்கம்மா” என்று மட்டும் சொன்னார். பெரிய தொகை அதோடு விழுந்துவிட்டது. ஆனால் இன்னொன்று மாட்டியது. லோடிங் வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் நான்கு ஆட்களை அனுப்புவார். அவர்களுக்கு அவர் இரண்டு மாதம் பிஎஃப், இஎஸ்ஐ கட்டவே இல்லை. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை கொடுத்த முதன்மை முதலாளிதான் கட்ட வேண்டும், பிறகு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். வட்டியோடு கட்டினோம். பில்லில் பிடிப்பதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கான்ட்ராக்டர் பில்லுக்குப் பணம் போடுமுன் போன மாதச் சலானையும், அதில் உங்கள் ஷெட்டில் நின்ற ஆட்களின் பெயரையும் கேளுங்கள். வெறும் மொத்தத் தொகைச் சலான் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செலவுக் கணக்கு: ஓடிபிக்கு எட்டாயிரம், விசாரணைக்குத் துணை வந்த வக்கீலுக்கு முப்பத்தைந்தாயிரம், கான்ட்ராக்டர் ஆட்களுக்காகக் கட்டியது பதினொன்றாயிரம் சொச்சம். இதெல்லாம் கூடத் தாங்கலாம். பில் நின்ற மாதங்களில் சம்பளத்துக்கு வாங்கிய ஆறு லட்சத்துக்கு ரெண்டு வட்டி, மாதம் பன்னிரண்டாயிரம். அதுதான் உயிரை எடுத்தது. அந்த வருஷம் தீபாவளி போனஸ் தாமதமானதில் ஆட்களுக்கும் எங்கள் மேல் மனத்தாங்கல், நியாயம்தானே.

இந்த முறையைப் பற்றி ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. குலுக்கல் என்பது பதிவு செய்தவர்கள் பட்டியலில் நடப்பது. எங்கள் தெருவிலேயே போர்டு இல்லாத ஷெட்டுகள் இருக்கின்றன. ஆட்கள் இருக்கிறார்கள், மெஷின் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, எந்தத் தளத்திலும் பெயர் இல்லை. அவர்கள் எந்தக் குலுக்கலிலும் வர மாட்டார்கள். அங்கே விரல் போன ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன், இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அவனால் போக முடியாது. தொழிலாளர் ஆய்வு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949-லேயே ஏற்றிருக்கிறது என்று அந்த வக்கீல்தான் சொன்னார். அதன்படி ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் இரவு பகல் எந்நேரமும் உள்ளே போகலாம், புகார் கொடுத்தவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாது. அப்படி நேரில் நடந்துபோய்ச் செய்யும் ஆய்வு போர்டு இல்லாத ஷெட்டுக்குத்தான் முதலில் தேவை. என்னைப் போல ஒழுங்காகச் சலான் கட்டுபவளின் எண்களைச் சலித்துச் சலித்துப் பார்ப்பது சுலபம், அதனால் அது நடக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆய்வாளருக்கு இப்போது வழிகாட்டி உதவும் பொறுப்பும் உண்டு. ஊதியத் தொகுப்பின்படி வழக்குப் போடுவதற்கு முன் சரிசெய்துகொள்ள எழுத்து மூலம் அவகாசம் தர வேண்டும். ஆனால் அதே மாதிரித் தவறு ஐந்து வருஷத்துக்குள் மறுபடி வந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே பழைய அறிக்கை ஒவ்வொன்றும் சரியாக முடித்து வைக்கப்பட்டதா என்று தளத்தில் பார்த்து, முடிந்ததற்கான பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ‘முடிந்தது’ என்று மாறவே, உத்தரவு வந்த பிறகும், நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு ஊதியம் என்பதன் வரையறையும் மாறியிருக்கிறது. படிகள் (அலவன்ஸ்) மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். எங்கள் சிஎன்சி ஆட்கள் பலருக்குப் படிதான் அதிகம். அதனால் என் தாளில் பிஎஃப், இஎஸ்ஐ காரணப் பத்திகள் இரண்டையும் பெயர் பெயராகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினாறு பேர் பாக்கி.